குடியிலிருந்தும் மாத்திரைகளிலிருந்தும் மீளும் பெண்களுக்கான பலப்பயிற்சி: மூளையை மனத்தில் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட போதைப்பொருள் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆண்களில் 27.3 சதவீதம் பேரும் பெண்களில் 1.6 சதவீதம் பேரும் மது அருந்துபவர்கள். இந்த இடைவெளியால் சிகிச்சையின் நேர அட்டவணை முதல் உடற்பயிற்சி வகுப்புவரை பெரும்பாலும் ஆணுக்கு ஏற்றபடி அமைந்துவிட்டது. சென்னையில் 1980இல் தொடங்கப்பட்ட டி.டி.கே. மருத்துவமனையை நிறுவியவர், குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் என்ற பெண். இருந்தும், குடிப்பவரே பெண்ணாக இருந்தால் நம் வீடுகள் அவரை மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன் கதவைத்தான் சாத்துகின்றன. மீண்டு வந்த பிறகோ, "உடம்பு தேறட்டும், படுத்து ஓய்வெடு" என்கின்றன. பல மாதங்களுக்கு இதைக் கேட்டு நடந்தால் தசை மேலும் கரையும், தூக்கம் மேலும் கெடும்.

மதுவிலிருந்தோ தூக்க மாத்திரையிலிருந்தோ வலி மாத்திரையிலிருந்தோ விடுபட்டு, முதல் கட்டச் சிகிச்சையை முடித்த பெண்ணுக்காக இதை எழுதுகிறேன். ஒரு நாற்காலி, ஒரு சுவர், இரண்டு தண்ணீர் பாட்டில், பிள்ளைகளின் பழைய பள்ளிப் பை, ஒரு நோட்டு, இவை போதும். பலப்பயிற்சி மருந்துக்கோ ஆலோசனைக்கோ குழுக் கூட்டத்துக்கோ மாற்று கிடையாது. அவற்றோடு சேர்த்துச் செய்ய வேண்டியது.

பளு எதற்கு, நடை போதாதா?

நடை நல்லது, அதை விட வேண்டாம். ஆனால் நீண்டகாலம் குடித்தவர்களின் தசையில் முதலில் மெலிவது வேகமாகச் சுருங்கும் வகை இழைகள். படியில் கால் தடுமாறும்போது சட்டென்று ஊன்றிக்கொள்ளவும், குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைக்கவும் தேவைப்படுபவை அவை. சாதாரண நடை அவற்றை அதிகம் வேலைவாங்குவதில்லை, பளு வாங்கும்.

பெண்ணுடலில் பாதிப்பும் சீக்கிரம் வருகிறது. நீரின் பங்கு ஆணுடலைவிடக் குறைவு, இரைப்பையில் மதுவைச் சிதைக்கும் நொதியும் குறைவு. ஆகவே அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் ஏறும் ஆல்கஹால் அதிகம். குடிக்கத் தொடங்கியதிலிருந்து அடிமைநிலைக்குப் போகும் காலமும் பெண்களுக்குக் குறுகியதாக இருப்பதை மருத்துவர்கள் வெகுநாளாகவே கவனித்து வருகிறார்கள். மது எலும்பையும் அரிக்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும் பெண்ணுக்கு இது இரட்டை அடி.

இனி மூளை. மகிழ்ச்சியோடும் உந்துதலோடும் தொடர்புடைய மூளை வேதிப்பொருள் டோபமின். அதன் செய்தியைப் பெறும் டி2 வகை ஏற்பிகள் நீண்டகால போதைப் பழக்கத்தில் குறைந்துபோகின்றன. சின்னச் சின்ன மகிழ்ச்சிகள் சப்பென்று ஆவது இதனால்தான். நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணியும் தளர்ந்துபோகிறது. திட்டமிடுவது, கவனத்தை ஒன்றில் நிறுத்துவது, "வேண்டாம்" என்று கையைப் பின்னுக்கு இழுப்பது எல்லாம் அதன் வேலை. குடியை நிறுத்திய சில வாரங்களிலிருந்தே மூளையின் சுருக்கம் ஓரளவு சரியாகத் தொடங்குகிறது. அந்த மீட்சிக்குப் பயிற்சி கைகொடுக்குமா என்பதே கேள்வி.

மூன்று ஆய்வுகளைச் சொல்கிறேன். கனடாவின் வான்கூவரில் 65 முதல் 75 வயதுவரையுள்ள 155 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. வாரம் ஒருமுறையோ இருமுறையோ ஓராண்டு பளுப் பயிற்சி செய்தவர்கள், கவனத்தைச் சிதறவிடாமல் தவறான பதிலை அடக்கிச் சரியான பதிலைச் சொல்லும் சோதனையில் முன்னேறினார்கள். சமநிலைப் பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அடுத்தது லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது. மெத்தாம்பெட்டமைன் என்னும் ஊக்கப் போதைப்பொருள் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்த 19 பேரில் ஒரு பகுதியினர் எட்டு வாரம் நடை, ஓட்டம், பளு ஆகிய மூன்றையும் கலந்து செய்தார்கள். 2016இல் வெளியான முடிவுப்படி, அவர்களிடம் அந்த டோபமின் ஏற்பிகள் கூடியிருந்தன. அதே ஆண்டு நார்வேயிலிருந்து வந்த ஆய்வில், போதைச் சிகிச்சையில் இருந்தவர்கள் எட்டு வாரம் கனமான பளுவுடன் கால் பயிற்சி செய்து, பலம் கூடியதோடு பதற்றமும் தூக்கமின்மையும் குறையக் கண்டார்கள்.

முதல் ஆய்வில் இருந்தவர்கள் போதைக்கு ஆளானவர்கள் அல்லர். மற்ற இரண்டும் சிறியவை. மூன்றையும் ஒட்டவைத்து "பளு தூக்கினால் போதை போய்விடும்" என்று காணொளி போடுபவர்களைத் தாண்டிப் போய்விடுங்கள். செலவில்லாத, சரியாகச் செய்தால் ஆபத்து குறைந்த, வேறு பத்து நன்மைகள் நிச்சயமாக உள்ள ஒரு பயிற்சி மூளைக்கும் உதவ நல்ல வாய்ப்பு இருக்கிறது. தொடங்குவதற்கு அது போதும்.

படி 1: எப்போது தொடங்குவது

குடியை நிறுத்திய முதல் சில நாட்களில் பயிற்சி கூடாது. வலிப்பு வரும் ஆபத்து கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்தில் அதிகம். பிதற்றலும் கடும் நடுக்கமும் சேர்ந்த ஆபத்தான நிலை பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும். அது மருத்துவர் கண்காணிப்பில் கழிய வேண்டிய நேரம். அல்பிரசோலம், டையாசெபம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அளவு குறைந்துகொண்டிருக்கும்போதே பயிற்சி செய்யலாமா என்பதை மாத்திரையைக் குறைக்கும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

ஓர் எளிய அளவுகோல்: கையில் நடுக்கம் இல்லாமல் தம்ளரில் தண்ணீர் குடிக்க முடிகிறதா? மூன்று வேளை சாப்பாடு வயிற்றில் தங்குகிறதா? பத்து நிமிடம் நடந்தால் தலை சுற்றாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

"உடற்பயிற்சி செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "செய்யுங்களேன்" என்று பொதுவாகவே பதில் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள். ரத்த அழுத்தம் 180/110க்கு மேல் இருந்தால் அது கட்டுக்குள் வரும்வரை பளு கூடாது. இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, குடித்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஹீமோகுளோபின் 8க்குக் கீழே என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கல்லீரல் சுருங்கி, உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்திருந்தால், முக்கித் தூக்கும் எடை ரத்தக்கசிவுக்கு வழிவகுக்கலாம். எண்டோஸ்கோப்பி பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் அதையும் சொல்லுங்கள். தரையைச் சரியாக உணராத காலோடு நின்று எடை தூக்கக் கூடாது, உட்கார்ந்து செய்யும் பயிற்சிகளிலிருந்து தொடங்க வேண்டும்.

மறக்கக் கூடாத இன்னொன்று உண்டு. டிரமடால் போன்ற ஓபியாய்டு வகை வலி மாத்திரைகள் மாதவிடாயை நிறுத்திவைக்கலாம். அவற்றை விட்டபின் முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே கரு உருவாகலாம். "இன்னும் வரவில்லையே" என்று அலட்சியமாக இருந்துவிடாமல் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

படி 3: சாப்பாடு

தையமின் என்னும் பி1 வைட்டமின் குறைவு குடித்தவர்களின் நினைவாற்றலை நிரந்தரமாகவே பறிக்கக்கூடியது. மருத்துவர் எழுதிக்கொடுத்த பி1 மாத்திரையை "வெறும் சத்து மாத்திரைதானே" என்று நிறுத்திவிடாதீர்கள்.

தசைக்குப் புரதம் வேண்டும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1.2 கிராம் என்று வைத்துக்கொண்டால், 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 அல்லது 7, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14, நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20. சாம்பாரில் மிதக்கும் பருப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவு பொருந்தாது.

உடல் தேற வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் அசோகாரிஷ்டமோ தசமூலாரிஷ்டமோ வாங்கி வைப்பார்கள். அன்பால் செய்வதுதான். ஆனால் அரிஷ்டங்கள் புளிக்கவைத்துத் தயாரிக்கப்படுபவை, அவற்றில் ஆல்கஹால் இயல்பாகவே உருவாகிறது. குடியிலிருந்து மீளும் பெண்ணுக்கு அது ஆகாது. குடியை விடுவதற்காகத் தரப்படும் டைசல்ஃபிரம் மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தால் ஆபத்தும்கூட. ஜிம்களில் விற்கும் 'ப்ரீ வொர்க்அவுட்' பொடிகளும் வேண்டாம். அவற்றிலுள்ள அதிகக் காஃபின் படபடப்பைத் தரும், தூக்கத்தைக் கெடுக்கும்.

படி 4: ஐந்து அசைவுகள்

முதலில் நாற்காலி. கைப்பிடி இல்லாத, அசையாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் ஊன்றி, மார்பை லேசாக முன்னே சாய்த்து எழுந்திருங்கள். முதல் நாளில் கை தானாகத் தொடைக்குப் போகும், போகட்டும். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். உட்காரும்போதுதான் உண்மையான வேலை. பெரும்பாலோர் பாதிவரை மெதுவாக இறங்கி, அதற்குப்பின் தொப்பென்று விழுந்துவிடுவார்கள். இருக்கை தொடையில் படும்வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறங்குங்கள். அந்தக் கடைசி நான்கு விரல் தூரத்தில் தொடை நடுங்கும். கவனம் வேறெங்கும் ஓட முடியாத அந்த ஒரு நொடி வந்துவிட்டால் அசைவு சரியாக அமைந்துவிட்டது என்று பொருள். கை ஊன்றாமல் பத்து முறை எழ முடிந்த பிறகு, பள்ளிப் பையில் இரண்டு கிலோ அரிசி பொட்டலம் வைத்து மார்போடு அணைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சுவர்த் தள்ளல். சுவரிலிருந்து ஒரு கை தூரம் நின்று, தோள் உயரத்தில் உள்ளங்கையை ஊன்றி, முழங்கையை மடித்து அருகே போய்த் தள்ளி வாருங்கள். எளிதானதும் சுவரை விட்டு மேசை விளிம்புக்கு மாறலாம்.

மூன்றாவது, இழுத்தல். ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மற்றக் கையில் தண்ணீர் பாட்டிலையோ பையையோ பிடித்து இடுப்பை நோக்கி இழுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, கணக்கு எளிது.

நான்காவது, இடுப்பை மடித்துத் தூக்குதல். முதுகை வளைக்காமல், பின்புறத்தால் கதவைத் தள்ளி மூடுவதுபோல இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோய், காலருகே இருக்கும் பையைத் தூக்கி நிமிர வேண்டும். தண்ணீர் வாளி தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட பெண்களுக்கு எல்லாவற்றிலும் அதிகம் உதவுவது இதுதான். முதல் இரண்டு வாரம் எடையில்லாமல் வெறும் மடிப்பை மட்டும் பழகுங்கள்.

கடைசி, சுமந்து நடத்தல். இரு கையிலும் சமமான எடையுடன் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிமிர்ந்து நடந்து திரும்புங்கள்.

எந்த அசைவிலும் மூச்சை அடக்காதீர்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

படி 5: இரண்டை மிச்சம் வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். "இன்னும் இரண்டு முறை செய்ய முடியும்" என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும். பத்து முடியும் என்றால் எட்டு.

உடலியல்படியும் இது சரியான அளவு. தசை வளர அந்த உழைப்பு போதும், காயமும் குறையும். நான் இதை வற்புறுத்துவது இன்னொரு காரணத்துக்காக. அடிமைப் பழக்கத்தில் முதலில் கழன்றுபோவது நிறுத்தும் திறன். ஒன்று தொடங்கினால் தீரும்வரை, உடல் விழும்வரை. "உயிரைக் கொடுத்துச் செய், கடைசிச் சொட்டுவரை பிழி" என்று கத்தும் பயிற்சியாளர் அதே பழைய பாதையில்தான் உங்களை ஓட்டுகிறார். ஆசை இருக்கும்போதே, பலம் மிச்சம் இருக்கும்போதே, முன்கூட்டி முடிவு செய்த எண்ணில் பையைக் கீழே வைப்பதையும் ஒரு பயிற்சியாகவே கொள்ளுங்கள். அது ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கிறது.

தொடக்கத்தில் ஒவ்வோர் அசைவையும் எட்டு முறை, ஒரே சுற்று, வாரம் இரண்டு நாள். தசைகளுக்கான பயிற்சியை வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. மூன்றாம் வாரம் இரண்டு சுற்று, இரண்டாம் மாதம் மூன்று சுற்று. சுற்றுக்கு நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு, அந்த நேரத்தில் கைப்பேசியைத் தொடாமல் இருந்தால் நல்லது.

முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பிலிருந்து வருவது. மூளை கூடுதல் தசை இழைகளை ஒரே நேரத்தில் வேலைக்கு அழைக்கக் கற்றுக்கொள்கிறது. தசையின் பருமன் பிறகுதான் கூடும். ஆகவே கண்ணாடியில் எதுவும் தெரியவில்லையே என்று சோர்ந்துபோக வேண்டாம்.

படி 6: எந்த நேரத்தில்

காலை வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்களுக்கு ஏக்கம் தலைதூக்கும் மணியைப் பாருங்கள். பலருக்கு அது மாலையில், பிள்ளைகள் டியூஷன் போய் வீடு காலியாகும் நேரம். சிலருக்கு இரவுச் சமையல் முடிந்தபின். அந்த மணிக்கு அரைமணி முன்னதாகப் பயிற்சியை வையுங்கள்.

பயிற்சி இல்லாத நாளில் ஏக்கம் வந்தால், உட்கார்ந்த இடத்திலேயே செய்யும் ஒரு வழி இருக்கிறது. உள்ளங்கைகளை மார்புக்கு முன் சேர்த்து ஒன்றையொன்று பத்து விநாடி அழுத்துங்கள், தளருங்கள். தொடைகளை இறுக்குங்கள், தளருங்கள். இதையே ஐந்து, பத்து நிமிடம் மாறி மாறிச் செய்யுங்கள். அசையாமல் தசையை மட்டும் இறுக்கும் இத்தகைய பயிற்சி சிகரெட் ஏக்கத்தைத் தற்காலிகமாகக் குறைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாமியார் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் செய்யலாம் என்பது கூடுதல் வசதி.

படி 7: நோட்டு

நான்கைந்து குறிப்பு போதும், ஏக்கத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று எண் போடுங்கள். இப்படி: "செவ்வாய், மாலை 5:40. நாற்காலி 8, 8, 7. மிச்சம் 2. ஏக்கம் முன் 6, பின் 3. தூக்கம் நேற்று 5 மணி நேரம்."

மீட்சியின் முதல் மாதங்களில் நினைவு ஏமாற்றும். "நான் எதையும் செய்யவில்லை, எதுவும் மாறவில்லை" என்று மனம் அடித்துச் சொல்லும்போது, மறுத்துப் பேச ஒரு சாட்சி வேண்டும். மாதம் ஒருமுறை, 30 விநாடியில் கை ஊன்றாமல் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுகிறீர்கள் என்று எண்ணிக் கடைசிப் பக்கத்தில் குறித்துவையுங்கள். 60 முதல் 64 வயதுவரையுள்ள பெண்ணுக்கு 12க்குக் கீழே என்றால் குறைவு. நாற்பது வயதில் அதுவும் எட்டவில்லை என்றால், எவ்வளவு தசையை இழந்திருக்கிறோம் என்று புரியும்.

பயிற்சியில் ஓர் அசைவின் எண்ணிக்கை தொடர்ந்து மூன்று நாள் 12ஐத் தொட்டு, அப்போதும் இரண்டு மிச்சம் இருந்தால் மட்டும் எடையை அரைக் கிலோவோ ஒரு கிலோவோ கூட்டுங்கள். மனநிலை நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கூட்டக் கூடாது.

வலி வந்தால்

பயிற்சி செய்த மறுநாளிலிருந்து மூன்றாம் நாள்வரை தசை வலிக்கும். இயல்புதான். ஆனால் டிரமடால், டபென்டடால் போன்ற மாத்திரைகளிலிருந்து மீள்பவருக்கு இந்த இடம் வழுக்கும். நீண்டகாலம் அவற்றை எடுத்தவர்களின் உடல் சிறு வலியையும் பெரிதாக உணரும், கையும் பழைய டப்பாவைத் தேடும். ஆகவே முதல் பயிற்சிக்கு முன்பே வீட்டிலுள்ள பழைய மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். வெந்நீர் ஒத்தடம், மெதுவான நடை, அடுத்த முறை பாதி எடை. பாராசிட்டமால்கூடக் கல்லீரல் பாதித்தவர்களுக்கு அளவு குறைவு, மருத்துவரைக் கேட்டுத்தான். மூட்டில் குத்தும் வலி, ஒரு பக்கம் மட்டும் வீக்கம், கரும்பழுப்புச் சிறுநீர், நெஞ்சு இறுக்கம், இவற்றில் எது வந்தாலும் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். போதைச் சிகிச்சையில் இருப்பதையும் அங்கே மறைக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதே வகை மருந்தை ஊசியாகப் போட்டுவிடுவார்கள்.

பயிற்சியே போதையானால்

வாரம் இரண்டு நாள் ஆறு நாளாகிறது. காய்ச்சலிலும் விடமுடிவதில்லை. ஒரு நாள் தவறினால் குற்றவுணர்வு. உடல் மெலிய மெலியச் சாப்பாட்டைக் குறைக்கத் தோன்றுகிறது. மாதவிடாய் தள்ளிப்போகிறது. வீட்டார் "எவ்வளவு சுறுசுறுப்பு!" என்று பாராட்டிக்கொண்டிருப்பார்கள், அதனால் இதை நீங்களே கண்டுபிடித்தாக வேண்டும். ஆலோசகரிடம் நோட்டைக் காட்டுங்கள்.

சறுக்கினால்

மீண்டும் ஒருநாள் குடித்துவிட்டால், வியர்வையில் போகட்டும் என்று பயிற்சிக்கு இறங்காதீர்கள். மதுவைச் சிதைப்பது பெரும்பாலும் கல்லீரல், வியர்வையில் வெளியேறுவது மிகச் சொற்பம். முதலில் மருத்துவரையோ ஆலோசகரையோ அழையுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் கட்டணமில்லாதவை. தொடர்ந்து சில நாள் குடித்திருந்தால் படி 1இலிருந்து, அதே மூன்று கேள்விகளோடு. ஒரு நாளோடு நின்றிருந்தால், நடுக்கம் போய்ச் சாப்பாடு தங்கியபின், பாதி எடை, ஒரே சுற்று. நோட்டில் விட்டுப்போன நாட்களுக்கு வெற்றிடம் விடாமல் தேதியைப் போட்டு "இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

ஜிம்முக்குப் போவதானால்

மூன்று மாதம் வீட்டில் செய்தபின் போங்கள். சேர்வதற்கு முன் நீங்கள் செல்லவிருக்கும் நேரத்திலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். பெண் பயிற்சியாளர் அந்த நேரத்தில் இருக்கிறாரா? தொடுவதற்கு முன் கேட்கிறார்களா? அடி, வன்முறை, அத்துமீறல் ஆகியவற்றின் வழியே போதைக்குள் வந்த பெண்கள் பலர் இருக்கிறார்கள். பின்னாலிருந்து சட்டென்று இடுப்பைப் பிடித்து "இப்படி நில்லுங்கள்" என்று திருத்தும் பயிற்சியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அன்றிரவுத் தூக்கம் போய்விடும். "தொடாமல் வாயால் சொல்லுங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. குடித்த வரலாற்றையும் அங்கே யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ரத்த அழுத்தம், கல்லீரல், எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள் பற்றிச் சொன்னால் போதும். ஆண்டுச் சந்தா கட்டினால் பாதி விலை என்பார்கள். மாதச் சந்தாவே கட்டுங்கள்.